படுத்தே கிடக்கச் சொல்லாதே, தம்பி

தம்பி,

நேற்று நீ கோபமாகப் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். ரங்கூனில் அம்மா தனியாக நடமாடி எங்கேயாவது விழுந்துவிடுவேனோ என்று சிங்கப்பூரில் இருந்துகொண்டு நீ பயப்படுகிறாய், சரி. ஆனால் என் தலைசுற்றலுக்கு "மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு" என்கிறாயே, அது இனிமேல் ஆகாது.

முதல் 3 நாள் படுத்துத்தான் கிடந்தேன், வாந்தியும் கையுமாக, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. வலது உள்காதிலிருந்து போகும் நரம்பு வீங்கிப்போச்சாம். டாக்டர் பர்மியத்தில் பொறுமையாகச் சொன்னார்: நாம் அசையாமல் இருந்தாலும் இரண்டு காதும் மூளைக்குச் சரிசமமாகச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒன்று ஓய்ந்துபோனால் மற்றதன் சேதி மட்டும் வரும், உடனே தலை அந்தப் பக்கம் சுழல்கிறது என்று மூளை நம்பிவிடும். அப்புறம் சில நாளில் மூளைத்தண்டே இரண்டு பக்கத்தையும் ஈடுகட்டிவிடும், அறை சுற்றுவது நின்றுவிடும். காது குணமாகாவிட்டாலும் இது நடக்கிறது, தம்பி!

மிச்சம்தான் தானாக வராது. தலையைத் திருப்பும்போது பார்வை ஆடுகிறதே, அந்த ஆட்டத்தை வைத்துத்தான் சிறுமூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அசையாமல் கிடந்தால் எதை வைத்துத் திருத்தும்? மாத்திரையும் அதை மந்தப்படுத்தும், அதனால்தான் டாக்டரே 3 நாளோடு நிறுத்தச் சொன்னார். காதோர்ன், கூக்ஸி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1940களிலேயே நோயாளிகளை எழுப்பித் தலையை ஆட்டவைத்துத்தான் தேற்றினார்களாம்.

காலண்டர் தாளின் பின்னால் 'அ' என்று எழுதி, கையை நீட்டிப் பிடித்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்புகிறேன். முதல் வாரம் எழுத்து தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது, குமட்டியது, உட்கார்ந்து அழுதேன். இப்போது கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் 'அ'வின் சுழி தெளிவாகத் தெரிகிறது.

இருட்டுதான் இன்னும் கஷ்டம். காது விட்ட வேலையைக் கண்ணும் பாதமும்தான் பார்க்கின்றன, கரண்டு போனால் பாதம் மட்டும்தான் மிச்சம். அதனால் தலைமாட்டில் டார்ச் வைத்திருக்கிறேன், மாடிப்படியில் சுவரைத் தொட்டே ஏறுகிறேன். நடைபாதைக் கல் பெயர்ந்த இடத்தில் நின்றுதான் காலை வைக்கிறேன். வெள்ளிக்கிழமை காளி கோயிலில் யார் கையையும் பிடிக்காமல் 3 சுற்று வந்தேன், எதிர்வீட்டு அக்கா மட்டும் பின்னாலேயே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, தலையைத் திருப்பிக் காட்டுகிறேன்.

அம்மா