ஒன்ராறியோ கவார்த்தா ஏரிக்கரை உறவுகளுக்கு: ஞாயிறு கூட்டம், படகு வேகம் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். வேகப்படகு, வாட்டர் ஸ்கீயிங் (படகு இழுக்கத் தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) பற்றி நேற்றிரவு வந்த குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். சிலருக்கு எங்கள் ஏரியில் இவற்றுக்கு முழுத் தடை வேண்டும். சிலர், பிள்ளைகள் கோடையில் இரண்டு மாதம்தானே விளையாடுகிறார்கள் என்கிறார்கள்.

சரி, முதலில் ஒரு விஷயம். நகரசபை நினைத்தாலும் தானாகத் தடை போட முடியாது. கனடாவில் படகோட்டம் மத்திய அரசின் கீழ் வருகிறது. உள்ளூராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டு, வேறு வழிகள் சரிவராததைக் காட்டி, மத்திய போக்குவரத்து அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றர்தான் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதையே நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது லூன் என்ற நீர்ப்பறவையின் நிலை. எங்கள் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிறதே, அதேதான். கால்கள் உடம்பின் பின்பக்கம் இருப்பதால் தரையில் நடக்கத் திணறும். அதனால் தண்ணீர் ஓரத்திலேயே கூடு கட்டும். ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். வேகப்படகு கிளப்பும் ஒரு பெரிய அலை அடித்தால் முட்டை போய்விடும்.

முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஜூலை நடுப்பகுதி வரை நாணல் பக்கக் குடாவுக்குள் வேகப்படகு வேண்டாம், காலை 10 மணிக்கு முன் ஸ்கீயிங் வேண்டாம் என்று நாங்களாகவே ஒத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் வீட்டு இறங்குதுறைக்கு வாருங்கள். தேநீர் நான் போடுகிறேன். அதுவரை குரல் பதிவுகள் வேண்டாம், நேரில் பேசுவோம்.