ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு ஸ்பேனர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் திருச்சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில், பட்டறைக் கருவிகளை மேசைமேல் வைத்து அவற்றைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தரும் வழக்கம் எங்கள் பகுதியிலும் வந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்பவன் நான். ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பாடசாலையில் பாடமும் எடுக்கிறேன். இந்த வழக்கத்தைக் குறித்து எனக்கு ஒரு மகிழ்ச்சியும் ஒரு வருத்தமும் உண்டு. இரண்டையும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடந்த மே மாதம் ஓர் ஆலயத்தில் அப்படியொரு வகுப்பைப் பின்வரிசையில் இருந்து கவனித்தேன். வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஜாக்கி, குறடு, திருப்புளி, ஸ்பேனர் எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஜாக்கியில் 'ஜெபம்', திருப்புளியில் 'மனந்திரும்புதல்', 14-15 ஸ்பேனரில் 'விசுவாசம்'. பாடம் எடுத்த தங்கை நன்றாக ஆயத்தம் செய்துதான் வந்திருந்தார். இடையில் பத்து வயதுப் பையன் ஒருவன் அந்த ஸ்பேனரை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இரும்பு பெஞ்சின் போல்ட்டில் மாட்டிப் பார்த்தான். போல்ட் 13 அளவு. ஸ்பேனரின் சிறிய பக்கமே 14. கொஞ்சம் ஆடியது, பிறகு முனையைச் சுரண்டிக்கொண்டு நழுவியது. "அக்கா, இது பிடிக்கவே மாட்டேங்குது" என்றான். விளையாடக் கூடாது என்று சொல்லி அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, விசுவாசத்தைப் பற்றிய பாடத்தைத் தங்கை தொடர்ந்தார்.

அன்றைய பாடம் முழுவதும் அந்தப் பையனின் ஒரு வார்த்தையில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் பெரிய ஸ்பேனர் போல்ட்டின் மேல் பார்வைக்குச் சரியாகத்தான் உட்காரும். பலம் கொடுக்கும்போதுதான் அது ஆறு முனைகளையும் மழுக்கும். மழுங்கிய பின் சரியான ஸ்பேனரைக் கொண்டுவந்தாலும் பிடி கிடைக்காது. ஏறக்குறைய உண்மை உண்மையாகாது என்பதை ஒரு பிள்ளை இப்படித் தன் உள்ளங்கையில் உணர்ந்துவிட்டால், அதை அவனுக்கு வாயால் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. சீட்டுப் பாடத்தில் இது நடப்பதில்லை. ஜாக்கியில் இருந்த சீட்டைக் குறட்டிலும் குறட்டில் இருந்ததைத் திருப்புளியிலும் மாற்றி ஒட்டியிருந்தாலும் அன்றைய வகுப்பு ஒரு சொல்லும் மாறாமல் நடந்து முடிந்திருக்கும். அப்படியானால் அந்தப் பாடத்திற்கும் அந்தக் கருவிகளுக்கும் என்ன சம்பந்தம்?

வேதாகமம் கருவிகளை இவ்வளவு எளிதாகக் கையாளவில்லை. மந்தை மேய்த்தும் காட்டத்திப்பழம் பொறுக்கியும் பிழைத்த ஆமோஸ் தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் காட்டியது கொத்தனாரின் தூக்குநூல்; சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க, நுனியில் குண்டு கட்டித் தொங்கவிடும் நூல். கொத்தனார் எவ்வளவு அழகாகப் பூசியிருந்தாலும், வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், குண்டு தன் எடைக்கு நேராகத்தான் தொங்கும். சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதன் பக்கத்தில் தெரிந்துவிடும். தூக்குநூலுக்குப் பதிலாகச் சுத்தியலையோ வாளையோ அங்கே வைத்துப் படித்தால் அந்தத் தரிசனம் நிற்காது.

ஏசாயா 22-ஆம் அதிகாரத்தில் வரும் ஆணி இன்னும் நுட்பமானது. அரண்மனை அதிகாரியாக ஏற்படுத்தப்படும் எலியாக்கீமை உறுதியான இடத்திலே ஆணியாகக் கடாவுவேன் என்கிறார் கர்த்தர். அங்கே 'உறுதியான' என்பதற்கு எபிரெயத்தில் வரும் சொல், நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' பிறந்த அதே வேரில் பிறந்தது. விசுவாசத்தைக் குறிக்கும் 'எமுனா', சத்தியத்தைக் குறிக்கும் 'எமெத்' ஆகிய சொற்களும் அந்த வேரைச் சேர்ந்தவையே. அசையாமல் பிடித்து நிற்பது என்பதுதான் அந்த வேரின் பொருள். விசுவாசமும் சத்தியமும் அந்த மொழியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும், அவற்றுக்கு ஒரு சுவரும் ஓர் ஆணியும் சாட்சியாக இருப்பதையும் ஒரு குருவானவர் எனக்கு விளக்கியபோது, பட்டறையில் அத்தனை ஆண்டுகள் கையில் பிடித்திருந்த பொருளை அன்றுதான் பார்த்ததுபோல் இருந்தது. அதே அதிகாரம் அந்த ஆணியின் மேல் குடும்பத்தார் சிறிதும் பெரிதுமான பாத்திரங்களையெல்லாம் தொங்கவிடுவதையும், கடைசியில் அது முறிந்து விழுவதையும் சொல்கிறது. மனிதனாகிய ஆணிக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்பதை வேதாகமம் மறைக்கவில்லை.

என் வாழ்க்கையில் இந்தப் பாடத்தைக் கற்பித்தது ஓர் ஆயில் டிரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்க என்ஜினின் அடியில் இருக்கும் போல்ட். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. அலுமினிய என்ஜின் கேஸில் அந்தப் போல்ட்டை முறுக்க, முறுக்கின் அளவை வைத்து இறுக்கும் டார்க் ரென்ச்சைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தார் என் முதலாளி. ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஏறக்குறைய நூறு கிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குதான் ஒரு நியூட்டன் மீட்டர் என்றும், இந்தப் போல்ட்டுக்கு அப்படி இருபத்தைந்து போதும் என்றும் பொறுமையாக விளக்கியும் இருந்தார். கைக்கே அளவு தெரியும் என்ற எண்ணத்தில் நான் நீளமான ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகிச் சுற்றத் தொடங்கியது. அலுமினியத்தில் மரை, அதாவது போல்ட்டைப் பிடித்திருக்கும் திருகுப் பள்ளம், அழிந்துபோவதை அனுபவித்தவர்களுக்கு அந்த இளக்கம் தெரியும். வயிற்றில் ஏதோ கழன்றதுபோல் இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. போல்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றித் திருகி, துணியால் துடைத்து, வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த வாடிக்கையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் ஆயில் சொட்டியிருந்தது. என் முதலாளி அடியில் கைவிட்டுப் பார்த்தார், டேப்பின் வெள்ளை நூலை விரலில் எடுத்தார், என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "அண்ணாச்சி, தப்பு எங்க பக்கம். மரை எங்க கையிலதான் போச்சு" என்று அவரிடம் நேராகச் சொன்னார். பிறகு என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து அதைச் சரிசெய்தார். கெட்டுப்போன மரையைச் சிறிதும் மிச்சம் வைக்காமல் பெரிய துளையாகக் குடைந்து எடுத்து, அதில் புதிய மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே செலுத்தினார். பழைய மரையில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் சுருள் உட்காராது. சரியாக உட்கார்ந்துவிட்டால், முன்பிருந்த அலுமினிய மரையைவிட அது பலமாகப் பிடிக்கும். மனந்திரும்புதல் என்ற சீட்டை நான் எங்காவது ஒட்ட வேண்டுமானால் திருப்புளியில் ஒட்டமாட்டேன். இந்தத் துளையின் ஓரத்தில் ஒட்டுவேன்.

டார்க் ரென்ச்சைப் பற்றி இன்னும் ஒன்று. வைத்த அளவு வந்ததும் அது 'கிளிக்' என்று சொல்லும். அதற்குமேல் முறுக்குகிறவன் தன் விருப்பத்திற்கு முறுக்குகிறான். ஆனால் அந்த ரென்ச்சையே கண்மூடி நம்பக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்திற்குத் திருப்பி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அழுந்தியே கிடந்து அளவு பிசகும். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஐயாயிரம் முறை பயன்படுத்தியபின், இதில் எது முந்துகிறதோ அப்போது, அதை மேலான ஓர் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அளக்கிறவனும் அளக்கப்பட வேண்டும். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற சங்கீதக்காரரின் ஜெபத்தை ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்புக்குப் போகும்முன் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளின் மனத்தில் அளவுகளைப் பதிக்கிறவர்கள் நாங்கள்.

போல்ட்டின் தலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் நல்லது. பல போல்ட்டுகளின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். முதல் எட்டு, அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை தாங்கும் என்பதையும், புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் எண்பது சதவீதம் வரை நீண்டு கெடாமல் இருக்கும் என்பதையும் சொல்கின்றன. பார்க்க முடியாத பலத்தைக் குறித்து, செய்தவர் கொடுத்த வாக்குமூலம் அது. அதை நம்பித்தான் நாங்கள் பிரேக்கிலும் சக்கரத்திலும் அதை மாட்டுகிறோம். அதை நம்பித்தான் ஒரு குடும்பம் அந்த வண்டியில் ஏறுகிறது. மட்டமான இரும்பில் அதே எண்ணைப் பொறித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டுக் கூண்டு பிள்ளைகளுக்குத் தூரம். அப்பாவின் வண்டிச் சக்கரம் அவர்களுக்குத் தெரியும்.

இது நம் சபைகளுக்குப் புதிய பாதை இல்லை. தாது வருடப் பஞ்சம் நாட்டை உலுக்கிய காலத்தில், 1878-இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மிஷனெரியான கனோன் மர்காஷிஸ் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். வேதாகமத்தைக் கையில் கொடுத்த அதே சபை, இழைப்புளியையும் சுத்தியலையும் கையில் கொடுத்தது. மூலைமட்டத்தில் பொருந்தாத மேசைக்காலை ஒரு பையன் மறுபடி இழைக்கும்போது, அவன் நேர்மையைப் பழகிக்கொண்டிருந்தான் என்றே நான் எண்ணுகிறேன். நம் ஆண்டவரும் அந்த ஊரின் பெயருக்குரிய நாசரேத்தில் தச்சராகவே அறியப்பட்டார். அவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி எழுதியிருக்கிறார். நுகம் செய்கிறவர் மாட்டின் கழுத்தை அளக்காமல் செய்ய முடியாது. "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம், கழுத்து புண்படாதபடி மரத்தை இழைத்துத் தடவிப் பார்க்கும் ஒரு கை எனக்குத் தெரிகிறது.

தேவனை ஓர் இயந்திரமாகவும் விசுவாசத்தைச் சரியான அளவில் முறுக்கினால் பலன் தரும் போல்ட்டாகவும் பிள்ளைகள் எண்ணிவிடும் ஆபத்து இந்த வழியில் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். கிருபைக்கு நியூட்டன் மீட்டர் கிடையாது. ஆகவே கருவிகளைக் கொண்டு சத்தியத்தைக் கற்பிக்கலாம், அளவுக்கு உட்படும் பணிவைக் கற்பிக்கலாம், தவறை ஒப்புக்கொள்வதைக் கற்பிக்கலாம். அதற்குமேல் சொல்ல வேண்டியதைச் சிலுவையடியில்தான் சொல்ல வேண்டும்.

சபைகளின் குருவானவர்களுக்கும் ஓய்வுநாள் பாடசாலைப் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. அடுத்த விடுமுறை வேதாகமப் பள்ளியில் கருவிகளின் மேல் சீட்டு ஒட்டாதீர்கள். ஒவ்வொரு சபையிலும் ஒரு மெக்கானிக்கோ, கொத்தனாரோ, தச்சரோ இருக்கிறார். ஆலயத்தில் அவரைக் கதவுக் கீலைச் சரிசெய்ய மட்டுமே அழைக்கிறோம். ஒருநாள் அவரை வகுப்பின் முன் நிறுத்துங்கள். பிள்ளைகள் தங்கள் கையால் திருகட்டும், தூக்குக்குண்டைச் சுவரில் பிடிக்கட்டும், தவறு செய்யட்டும், செய்த தவறைச் சொல்லட்டும். எங்கள் வட்டாரத்தில் என்னை அழைக்கும் சபைக்கு, மரை போன இரண்டு என்ஜின் கேஸுகளையும், அளவுக்கு ஒன்றாக ஸ்பேனர்களையும், ஒரு பெட்டி போல்ட்டையும் நானே கொண்டுவருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.