ஷில்லிங் வாங்கிட்டேன்டா

டேய் முரளி,

எப்படி இருக்க, அம்மா முட்டி வலி தேவலையா? பதில் போடலன்னு திட்டிருப்ப, திட்டிக்கோ. இங்க லெஸ்டர்ல எல்லாரும் சௌக்கியம், குளிர்தான் உயிரை எடுக்குது.

விஷயம் என்னன்னா ஒரு ஷில்லிங் வாங்கிட்டேன், இங்கிலாந்தோட பழைய காசு. 1787, மூணாம் ஜார்ஜ் ராஜா காலத்துது, ஆறு கிராம் வெள்ளி. முன்பக்கம் மூஞ்சி, பேரு, கடவுள் அருளால், அவ்ளோதான். பின்பக்கத்தைத் திருப்பினா சுத்தி லத்தீன் பட்டங்களைச் சுருக்கி ஒரே ஒத்தை ஒத்தை எழுத்து, எம் பி எஃப் எட் எச் ரெக்ஸ்னு ஆரம்பிச்சு முடியவே மாட்டேங்குது, நம்மூர் கட்சி பேனர் தோத்துச்சு போ! லென்ஸ் வெச்சு ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். பிரிட்டன், ஃபிரான்ஸ், அயர்லாந்து மூணுக்கும் ராஜாவாம். ஃபிரான்ஸ் எங்கடா இவன் கையில இருந்துச்சு? 1340ல இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்ட் ஃபிரான்ஸும் எனக்குத்தான்னு கிளப்பின கேஸு, 1801லதான் கைவிட்டாங்க. அடுத்து எஃப் டி, விசுவாசத்தின் காவலன், 1521ல போப் எட்டாம் ஹென்றிக்குக் குடுத்தது, ஹென்றி பின்னாடி போப்பையே வேணாம்னுட்டு பட்டத்தை மட்டும் விடல, இப்ப சார்லஸ் காசுலயும் அது இருக்கு. அப்புறம் ஜெர்மனி சொத்து, பிரன்ஸ்விக் லூனபர்க் டியூக்கு, கடைசியா புனித ரோமப் பேரரசோட தலைமைப் பொருளாளர், அதோட பேரரசரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டும் உண்டு. பொருளாளர்னதும் நம்ம மெஸ் பாலு ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன், வீட்டம்மா ஒரு மாதிரி பாத்தா.

1806ல அந்தப் பேரரசே காலி. அதே ஜார்ஜோட 1816 ஷில்லிங்கைப் பாரு, பிரிட்டன் ராஜா, எஃப் டி, கதை முடிஞ்சது.

ஆனா ஒண்ணு மனசை அறுக்குதுடா. வெள்ளி விலை ஏறினதும் ஒரு கடைக்காரர் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து அரை கிரவுன் காசையெல்லாம் தராசுல கொட்டி எடைக்கு வாங்கறார், உருக்கத்தான். 1920க்கு முன்னாடின்னா 92.5 சதவீதம் வெள்ளி, 1946 வரைக்கும் பாதி, அவருக்கு அது மட்டும்தான் கணக்கு. அதுல 'இண்ட் இம்ப்'னு இருக்கும், இந்தியாவோட பேரரசன்னு, அதாவது நம்ம தாத்தாங்களுக்கு. நம்ம ஊர் ரூபாயில இங்கிலீஷ்லயே 'கிங் எம்பரர்'னு போட்டானுங்க, இங்க மட்டும் லத்தீன். 1949 காசுல அது இல்ல.

உங்க மாமா பெட்டியில அந்த ரூபாய் இருக்குல்ல, நகைக்கடைக்குப் போகாம பாத்துக்கோ. பாலிஷ் கீலிஷ் போட்டுறாதீங்க, மதிப்பே போயிடும். ரெண்டு பக்கமும் போட்டோ அனுப்பு. பாலு கிட்டயும் கேளு, 2003 மெஸ் கணக்கு எப்ப வரும்னு.

உன்
சேகர்