பாதிப் பெயரோடு நின்றுவிடும் இன்டெக்ஸ்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர்,
கணக்கு மென்பொருள் நிறுவனம்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் டேட்டாபேஸ் லைப்ரரியின் புதிய பதிப்பில் தமிழ்ப் பெயர்கள் இன்டெக்ஸில் விடுபடுவது, திருத்தமும் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் கோருதல்.

ஐயா,

வணக்கம். குடியாத்தம், ஆம்பூர், ஆரணி வட்டாரத்து நெசவு நூல் கடைகளுக்கும் தோல் மண்டிகளுக்கும் பில், பேரேடு எழுதும் மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அதற்கு அடியில் ஓடும் ஆயத்த நிரல் தொகுப்புதான் உங்கள் லைப்ரரி. டிபிஎஃப் என்ற டேட்டா கோப்பில் ரெக்கார்டை, அதாவது ஒரு கணக்கின் பதிவைச் சேர்க்க வேண்டும், கூடவே தேடுவதற்கான பட்டியலான இன்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும், பெயரைக் கொடுத்தால் சரியான கணக்கை எடுத்துத் தர வேண்டும். இதற்காகத்தான் உரிமம் வாங்கினோம். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் தவறாமல் கட்டி வருகிறோம்.

பழைய பதிப்பைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய, ஒரு குறிக்கு ஒரே பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) எடுக்கும் 8-பிட் குறியாக்கத்தில் பெயர்களை வைத்திருந்தவரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. ‘முழு யூனிகோட் ஆதரவு’ என்று விளம்பரம் செய்து புதிய பதிப்பை நீங்கள் அனுப்பிய பிறகுதான் வினை தொடங்கியது.

குடியாத்தத்தில் ஒரு நூல் கடை. தறிக்காரர்களுக்கும் லுங்கி உற்பத்தியாளர்களுக்கும் கடனுக்கு நூல் கொடுத்து வாரக் கடைசியில் வசூலிக்கும் வியாபாரம். திருப்பதி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ‘ஸ்ரீ வெங்கடேஸ்வரா’ பெயர்ப் பலகையில்தான் விழ வேண்டும். ஸ்ரீ வெங்கடேஸ்வரா லுங்கி என்று ஒரு கணக்கு ஏற்கெனவே இருந்தது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா தறிக்கூடம் என்ற புதுக் கணக்கைக் கடைக்காரர் சேர்த்தார். உங்கள் லைப்ரரி பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பியது. உங்கள் கையேட்டின்படி பூஜ்யம் என்றால் வெற்றி. அதன்பின் தறிக்கூடத்தின் பெயரைக் கொடுத்துத் தேடியபோதெல்லாம் திரையில் வந்தது லுங்கிக்காரரின் கணக்கு. தறிக்கூடத்துக்காரர் கொண்டுவந்து கட்டிய பணம் லுங்கிக்காரர் வரவில் ஏறியது. மாதக் கடைசியில், பணம் கட்டியவரிடமே போய் பாக்கி கேட்டிருக்கிறார்கள். “பணம் கொடுத்தவனைக் கடன்காரன் ஆக்கிவிட்டதே தம்பி உங்கள் கம்ப்யூட்டர்” என்று முதலாளி போனில் கேட்டார். என்ன பதில் சொல்வது? அது உங்கள் பக்கத்துத் தவறு என்று அவருக்கு எப்படி விளக்குவது?

காரணத்தை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். இன்டெக்ஸ் ஒரு கணக்கை அடையாளம் காண எடுத்துவைக்கும் பெயர்ப் பகுதிதான் கீ. அதன் நீளம் 30 எழுத்து என்கிறது கையேடு. உண்மையில் அது 30 பைட். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும்; புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் குறிகள். ‘ஸ்ரீ’ மட்டுமே பன்னிரண்டு பைட். இடைவெளிக்கு ஒன்று. ‘வெங்க’ வரை இன்னொரு பதினைந்து. ஆக 28. அடுத்து வரும் ‘ட’வின் மூன்று பைட்டுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் லைப்ரரி கத்தரித்துவிடுகிறது. இன்டெக்ஸ் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால் அந்த முறிந்த எழுத்து அப்படியே கிடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மிஞ்சியிருக்கும் அந்த இரண்டு பைட்டும் அ முதல் ஹ வரை எல்லா எழுத்துக்கும் பொதுவானவை. ஆகவே அவை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ‘வெங்க’ என்பதற்குப் பிறகு லுங்கி வந்தால் என்ன, தறிக்கூடம் வந்தால் என்ன, உங்கள் இன்டெக்ஸுக்கு இரண்டும் ஒரே ஆள்தான்.

கீ நீளத்துக்கு ஒரு வரம்பு இருப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. எல்லா லைப்ரரியிலும் உண்டு. பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் சிடிஎக்ஸ் இன்டெக்ஸ் கோப்பில் அது 240 பைட். வரம்பைத் தாண்டியதும் வாய் திறக்காமல் இருப்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு. நாங்கள் வைத்திருப்பது இரட்டைக் கீயை ஏற்காத இன்டெக்ஸ்; அதில் ஒரே கீ இரண்டாம் முறை வந்தால், அதைப் பிழை என்று அறிவிக்க வேண்டும். 1980-களில் வந்த பிட்ரீவ் என்ற லைப்ரரிகூட அப்போது 5 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். சி-ஐசாம் என்ற இன்னொரு லைப்ரரி 100 என்று அனுப்பும். உங்கள் லைப்ரரியோ டேட்டா கோப்பில் ரெக்கார்டை எழுதிவிடுகிறது, இன்டெக்ஸில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது, பிறகு வெற்றி என்று கையெழுத்துப் போடுகிறது.

உங்கள் உதவிப் பிரிவின் பதில்கள் எல்லாம் கைவசம் உள்ளன. முதல் பதில், ‘இன்டெக்ஸை மீண்டும் உருவாக்கவும்’. செய்தோம். வேறு யாரும் பயன்படுத்தாதபடி கோப்பைத் தனியாகத் திறக்க வேண்டியிருந்ததால் கடையில் பில் போடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டும் உருவாக்கும்போதும் அதே 30 பைட்டில்தானே வெட்டுகிறீர்கள்? முன்னால் இருந்த ரெக்கார்டு உள்ளே போனது, பின்னால் இருந்தது மறுபடியும் வெளியே நின்றது. அடுத்த பதில், ‘டிபேஸ் காலத்திலிருந்தே இது இப்படித்தான்’. டிபேஸ் என்ற அந்தப் பழைய டேட்டாபேஸ் மென்பொருளின் யூனிக் இன்டெக்ஸ், அதே கீயோடு பிந்தி வரும் ரெக்கார்டுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த விஷுவல் பாக்ஸ்புரோவில், இரட்டைக் கீயை மறுத்துப் பிழை காட்டும் கேண்டிடேட் என்ற வகை இன்டெக்ஸைக் கொண்டுவந்தார்கள். உங்கள் கையேடும் இரட்டைக் கீக்குப் பிழை எண் வரும் என்றுதான் சொல்கிறது. வாக்குக் கொடுத்தது நீங்கள், டிபேஸ் அல்ல.

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பைட் மதிப்பை வைத்தே அடுக்குவதால் பவானிக்கு முன்னால் பழனி வந்து நிற்கிறது. யூனிகோட் அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முந்தியது. பள்ளிக்கூடத்தில் ய, ர, ல, வ, ழ, ள என்று படித்தவர்கள் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் மாறி ஏறுவதைப் பொறுக்க முடியாது.

இப்போதைக்குப் பெயருக்குப் பதிலாகக் கணக்கு எண்ணைக் கீயாக வைத்துச் சமாளிக்கிறோம். நூல் கடைக் கணக்குப்பிள்ளை எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஓர் அட்டையில் எழுதி, கம்ப்யூட்டர் திரைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். பெயரைத் தேடித் தரும் லைப்ரரிக்குப் பணம் கட்டுவது நாங்கள், தேடுவது அந்த அட்டை.

எனவே, இரட்டைக் கீ வரும்போதும் கீ வெட்டப்படும்போதும் தனித்தனிப் பிழை எண்ணைத் திருப்பும் திருத்தப் பதிப்பை உடனே அனுப்ப வேண்டும். வெட்ட நேர்ந்தால் முழு எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். கையேட்டில் ‘எழுத்து’ என்பதை ‘பைட்’ என்று மாற்றி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். மலையாளத்திலும் தெலுங்கிலும் பெயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும்.

முப்பது நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், வேலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம். வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்கலாம் என நினைக்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கிலிருந்து தனியே பிரித்து வைத்திருக்கிறது.

இரண்டே ரெக்கார்டுகள் கொண்ட ஒரு சோதனைக் கோப்பும், அதன் இன்டெக்ஸும், பிழையை வரவழைக்கும் சிறு நிரலும் இத்துடன் உள்ள பென் டிரைவில் இருக்கின்றன. வாடிக்கையாளர்களின் உண்மையான கணக்குகள் எதுவும் அதில் இல்லை. இதற்கும் ‘மீண்டும் உருவாக்கவும்’ என்றே பதில் எழுதுவதாக இருந்தால், அதற்கு முன் உங்கள் பொறியாளர் ஒருவர் அந்த நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
காட்பாடி.