'அவசரமில்லை' என்று இரவில் செய்தி அனுப்பும் மேலாளர்களுக்கு

அன்புள்ள மேலாளர்களே,

இரவு பத்தேமுக்காலுக்கு வரும் உங்கள் செய்தி 'அவசரமில்லை, காலையில் பார்த்தால் போதும்' என்று முடிகிறது. நல்ல மனதோடுதான் அனுப்புகிறீர்கள், தெரியும். அதைப் படித்தபின் எங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், இரவில் குரூப்பில் ஏதாவது வந்து விழும். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் 'ஓகே' என்பார், இன்னொருவர் கட்டைவிரலைக் காட்டுவார். நான் மட்டும் பேசாமல் இருந்தால் பளிச்சென்று தெரியும். பல் துலக்கிக்கொண்டே இடது கையால் 'நோட்டட்' என்று தட்டுவேன். அரை நிமிட வேலைதான். ஆனால் படுத்த பிறகும் மண்டைக்குள் அந்தச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை ஒரே மின்னஞ்சலை நான்கு முறை படித்தேன், ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. புதிதாகச் சேர்ந்த பெண் ஏதோ சந்தேகம் கேட்டாள், எனக்கு எரிச்சல் வந்தது. சொல்லிக்கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றது. பணியிட அழுத்தம் நாள்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்தால் வருவதாம்: உடலும் மனமும் ஓய்ந்துபோவது, வேலை மேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு. பணியிடத்தில் பிறக்கிற விஷயத்துக்கு மருந்தை மட்டும் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். யோகா வகுப்பு வைத்தார்கள், அதுவும் வேலை முடிந்த பிறகு!

'நீதான் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும்' என்றார்கள். சரி என்று எட்டு மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்தேன். அந்த வருட மதிப்பீட்டில் 'ஈடுபாடு கொஞ்சம் குறைவு' என்று வந்தது. கோடு போடுவது நான், மதிப்பெண் போடுவது நீங்கள்.

பிரான்சில் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், மறுப்பது நியாயமற்றது என்று ஆகாதவரை, வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எனக்குப் பிடித்தது போர்ச்சுகல். ஊழியரைப் பதில் சொல்லாதே என்பதற்குப் பதில், எதிர்பாராத நெருக்கடி தவிர வேலை நேரத்துக்குப் பின் நீ தொடர்புகொள்ளாதே என்று 2021-ல் முதலாளியிடமே சொல்லிவிட்டார்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எது அவசரம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்படி ஒன்று வந்தால் போன் செய்யுங்கள், எடுக்கிறோம். அப்புறம், 'இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்' என்று புது வேலை தரும்போது, கையில் இருப்பதில் எதைத் தள்ளிப்போடலாம் என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள். முடியாது என்று நாங்கள் சொன்னால், மதிப்பீட்டு நாளில் அதை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

இரவில் உங்களுக்கு யோசனை வருவதை யாரும் குறை சொல்லவில்லை. தட்டி முடித்து, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி வைத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள்.

இப்படிக்கு,
குரூப்பில் 'நோட்டட்' போட்டுவந்த ஒருவர்