‘எதிர்ப்புச் சக்தி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த புற்றுநோய்க் கட்டுரை, எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கினால் நோய் பரவாது என்று முடிகிறது. மஞ்சள் விளையும் எங்கள் பகுதியில், கோவைக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் நோயாளிகளுக்கு மஞ்சள் பால் முதல் கடைகளில் விற்கும் ‘சக்திப் பொடி’ வரை உறவினர்கள் வாங்கிக் கொடுப்பது ஏற்கெனவே வழக்கமாகிவிட்டதால், இக்கூற்றை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

எதிர்ப்பு அணுக்கள் யாவும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. நோயுற்ற அணுக்களைக் கொல்லும் வகை டி அணுக்கள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) புற்றுக்கட்டிக்குள் திரளாகப் புகுந்திருந்தால், பெருங்குடல் புற்று உட்படப் பலவற்றில் நோயாளி நெடுநாள் வாழும் வாய்ப்பு கூடுகிறது. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்களின் கதை வேறு. 1986இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்டு டுவோராக் புற்றுக்கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டார். புண்ணை ஆற்றுவதற்காக இவ்வணுக்கள் புதிய ரத்தக் குழாய்களை வளர்ப்பதும், சுற்றியுள்ள திசுவைக் கரைத்து வழிவிடுவதுமே, புற்றணுக்கள் ரத்தத்தில் இறங்கி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேரத் துணையாகிவிடுகின்றன. இவை கட்டியில் மிகுந்திருப்பது மார்பகப் புற்று போன்றவற்றில் பெரும்பாலும் நல்ல அறிகுறி அன்று. 2025ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளின் மையமான ஒழுங்குபடுத்தும் டி அணுக்களோ, கொல்லும் அணுக்களையே அடக்கி வைக்கக்கூடியவை.

எண்ணிக்கையோடு இடமும் முக்கியம். பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் கலோன் குழுவினர் 2006இல், பெருங்குடல் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் டி அணுக்கள் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்பது, நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று பார்க்கும் வழக்கமான நிலைப் பகுப்பைவிட நன்றாக நோயின் போக்கை முன்னுணர்த்துவதாகக் காட்டினர்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இருவகை வெள்ளையணுக்களில் முன்னதன் எண்ணிக்கையைப் பின்னதால் வகுத்துப் பார்த்துத் தாமே கலங்குவோரும் உண்டு. அந்த விகிதம் உயர்ந்திருப்பது பல புற்றுகளில் பாதகமான அறிகுறிதான். ஆயினும் சாதாரணத் தொற்றும் ஸ்டீராய்டு மாத்திரையும்கூட அதை உயர்த்திவிடும்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது தீங்கற்றது என்பதும் சரியன்று. 2018ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குரிய ஆய்விலிருந்து பிறந்த மருந்துகள் டி அணுக்களின் தடையை நீக்குகின்றன. அப்போது அவ்வணுக்கள் சிலருக்குக் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்குவதால்தான் இம்மருந்துகள் மருத்துவர் கண்காணிப்பிலேயே கொடுக்கப்படுகின்றன. திசு ஆய்வு அறிக்கையை வாசிப்பது எப்படி என்று நோயியல் மருத்துவர் ஒருவரைக்கொண்டு அடுத்த இதழில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.