சனிக்கிழமை வேத தியான கூடுகை: மனபாரமும் ஆறுதலும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வரும் சனி மாலை 6.30, வழக்கம்போல பெரம்பூர் வீட்டு மாடியில். இம்முறை துக்கம், பயம், கோபம் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று பார்க்கிறோம்.

1. வாசித்து வரவேண்டியவை: 1 இராஜாக்கள் 19, சங்கீதம் 42, 88, எபேசியர் 4:26 (சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியட்டும் என்ற வசனம்).

2. எலியா தீர்க்கதரிசியை (1 இராஜாக்கள் 19) நிதானமாகப் படியுங்கள். சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று படுத்தவருக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். நாமோ துக்க வீட்டில் வாயைத்தான் முதலில் திறக்கிறோம் (நானும்தான்).

3. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை இல்லாமலே முடியும். "அழாதே, விசுவாசம் வை" என்று யாரையும் அடக்க வேண்டாம். லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே அழுதார்.

4. அங்கே பகிர்வது அங்கேயே இருக்கட்டும். குரூப்பில் போடாதீர்கள்.

5. மாத்திரை எடுப்பவர்கள் ஜெபத்தை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ராத்திரியில் தாங்கமுடியாவிட்டால் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

6. மழை வந்தால் கீழ் ஹால். வண்டியை கேட் முன்னால் நிறுத்தாதீர்கள், போனமுறை பக்கத்து வீட்டார் கோபித்தார்கள் (எபேசியர் 4:26 அவர்களுக்கும் உதவும்).

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் எண்ணிக்கையோடு பதில் போடுங்கள். சுண்டலுக்குக் கடலை ஊறவைக்கணும்.